இளஞ்சிவப்பு முக்கோணத்தை அணிய யாருக்கு உரிமை? (பெருமைச் சின்னங்கள் பற்றிய விவாதம்)

கரித்துண்டு எழுதியது:

தன்பாலீர்ப்பாளர்களும் திருநர்களும் நடத்தும் பெருமைப் பேரணிப் படங்களில் வானவில் கொடிக்குப் பக்கத்திலேயே இளஞ்சிவப்பு முக்கோணமும் தவறாமல் வந்துவிடுகிறது. சட்டையில், பையில், காதில் தொங்கும் தோட்டில் கூட. எனக்கு அது ஒட்டவே இல்லை. நாஜி வதைமுகாம்களில் தன்பாலீர்ப்பு ஆண்களின் கைதிச் சட்டையில் தைத்த துணித்துண்டு அது. அரசியல் கைதி என்றால் சிவப்பு, குற்றவாளி என்றால் பச்சை, யெகோவாவின் சாட்சிகள் என்றால் ஊதா, யூதர் என்றால் மஞ்சள், இவர்களுக்கு இளஞ்சிவப்பு. யாரை எப்படி நடத்துவது என்று காவலனுக்குத் தூரத்திலேயே தெரியவேண்டும், அவ்வளவுதான் அதன் பயன்.

"மீட்டெடுத்த சின்னம்" என்று எல்லாரும் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். யார் மீட்டது? அதைச் சட்டையில் சுமந்தவர்களா, முப்பது வருடம் கழித்துப் பிறந்தவர்களா? வசைச்சொல்லை வசைபட்டவரே எடுத்துத் தனக்குப் பெயராக வைத்துக்கொண்டால் எனக்குப் புரிகிறது. இது அப்படியில்லை. என் கட்சி இதுதான்: முக்கோணம் அருங்காட்சியகத்தில் இருக்கட்டும், தெருவுக்கு வானவில் போதும். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள், ஆனால் விவரத்தோடு சொல்லுங்கள்.

ஏட்டுச்சுரை எழுதியது:

விவரத்தோடு வருகிறேன், கொஞ்சம் நீளும்.

சுமந்தவர்கள் ஏன் அதை மீட்கவில்லை என்று கேட்கிறீர்கள். அவர்களால் வாயைத் திறக்கவே முடியவில்லை என்பதுதான் பதில். ஆண்களின் தன்பாலுறவைக் குற்றமாக்கிய ஜெர்மன் குற்றவியல் சட்டத்தின் 175ஆம் பிரிவு ஹிட்லர் கொண்டுவந்தது அல்ல, 1871ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்தது. நாஜிகள் 1935ல் அதைக் கடுமையாக்கினார்கள், உடலுறவு நடந்ததாக நிரூபிக்கவேண்டிய தேவையே இல்லாமல் ஒரு தொடுதலை வைத்துக்கூடத் தண்டிக்கலாம் என்று ஆனது. சரி, 1945ல் முகாம்கள் திறந்தன, போர் முடிந்தது. அந்த 1935ஆம் ஆண்டு வாசகம் என்ன ஆனது என்று நினைக்கிறீர்கள்? மேற்கு ஜெர்மனியில் 1969 வரை ஒரு எழுத்து மாறாமல் இருந்தது. 1957ல் அந்நாட்டின் அரசமைப்பு நீதிமன்றமே அது செல்லும் என்று தீர்ப்பு எழுதியது. போருக்குப் பின் 1969க்குள் அங்கே சுமார் 50,000 பேர் அந்தப் பிரிவில் தண்டனை பெற்றார்கள், அதாவது நாஜி ஆட்சியில் தண்டிக்கப்பட்டவர்களுக்கு ஏறக்குறைய சமமான எண்ணிக்கை.

முகாமிலிருந்து உயிரோடு வந்தவர்களில் சிலர் மிச்சத் தண்டனையைக் கழிக்க மறுபடி சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். 1956ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தில் அவர்களுக்கு இடமில்லை, ஏனென்றால் சட்டத்தின் கண்ணில் அவர்கள் பாதிக்கப்பட்டவர்கள் அல்ல, முறையாகத் தண்டிக்கப்பட்ட குற்றவாளிகள். இந்த நிலையில் "நான் இளஞ்சிவப்பு முக்கோணம் அணிந்தவன்" என்று சொல்வது வாக்குமூலம் கொடுப்பதற்குச் சமம். யார் சொல்வார்?

1972ல்தான் முதல் முழு நினைவுக்குறிப்பு வந்தது, அதுவும் ஹெய்ன்ஸ் ஹேகர் என்ற புனைபெயரில். அந்த அனுபவத்துக்குச் சொந்தக்காரர் வியன்னாவைச் சேர்ந்த யோசெஃப் கோஹுட். 1994ல் அவர் இறந்த பிறகு அவருடைய பொருள்களில் அந்தத் துணி முக்கோணம் கைதி எண்ணோடு பத்திரமாக இருந்தது, இப்போது வாஷிங்டன் ஹோலோகாஸ்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு மனிதர் அதைத் தூக்கி எறியாமல் இத்தனை வருடம் வைத்திருந்தார் என்பதை உங்கள் "அருங்காட்சியகத்தில் இருக்கட்டும்" என்ற வாதத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அரைமூடி எழுதியது:

பின்னணி எல்லாம் சரிங்க, ஆனா முதலில் தெருவுக்குக் கொண்டுவந்தது யார்? அதைச் சொல்லாமல் போய்விட்டீர்களே.

ஏட்டுச்சுரை எழுதியது:

வருகிறேன். 1973, மேற்கு பெர்லின். அங்கே தன்பாலீர்ப்பாளர் அமைப்பு ஒன்று ஊர்வலம் நடத்த, சிலர் பெண் உடையில் ஒப்பனையோடு வர, அமைப்புக்குள்ளேயே பெரிய சண்டை. "இப்படி வந்தால் தொழிலாளர்கள் நம்மை எப்படி மதிப்பார்கள்" என்று ஒரு பக்கம், "ஒளிந்துகொள்ள வசதி இருப்பவன் பேசுகிற பேச்சு அது" என்று மறுபக்கம். அந்த இரண்டாவது பக்கத்தில் இருந்தவர்கள்தான் முக்கோணத்தை அணியலாம் என்றார்கள். நோக்கம் இரண்டு. ஒன்று, இறந்தவர்களின் நினைவு. இன்னொன்றுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: சாதாரண ஆளாகக் கடந்துபோக முடிந்தவர்களும் ஓர் அடையாளத்தைச் சுமந்து அடி வாங்கும் இடத்துக்கு வரட்டும் என்பது. ஆக, ஆரம்பத்தில் அது அலங்காரமே இல்லை. ஒருவகையில் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட நிபந்தனை.

தாழங்குடை எழுதியது:

இங்கே எல்லாரும் ஆண்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள், கவனித்தீர்களா? இளஞ்சிவப்பு முக்கோணம் ஆண்களுக்கு. 175ஆம் பிரிவு பெண்களைத் தொடவே இல்லை. அதனால் லெஸ்பியன் பெண்கள் தப்பினார்கள் என்று அர்த்தம் இல்லை. மதுக்கூடங்கள் மூடப்பட்டன, பத்திரிகைகள் நின்றன, காட்டிக்கொடுப்பு நடந்தது. முகாமுக்குப் போனவர்கள் வேறு வேறு பெயரில் போனார்கள்: யூதர் என்று, அரசியல் கைதி என்று, சிலர் "சமூக விரோதி" என்ற பிரிவில் கறுப்பு முக்கோணத்தோடு. ஆஸ்திரியாவில் சட்டம் பெண்களையும் தண்டித்தது, அது தனிக் கதை.

இந்தக் கறுப்பு முக்கோணத்தைத்தான் பின்னாளில் லெஸ்பியன் பெண்ணியவாதிகள் தங்கள் சின்னமாக எடுத்தார்கள். சில வரலாற்றாய்வாளர்கள் இதற்கு முகம் சுளிக்கிறார்கள். கறுப்பு முக்கோணம் லெஸ்பியன்களுக்கென்று ஒதுக்கியது இல்லை, வீடற்றவர்கள், பாலியல் தொழிலாளிகள், பல முகாம்களில் ரோமா மக்கள் என்று யார் யாரோ அதைச் சுமந்தார்கள், அதை நமக்கென்று எடுத்துக்கொண்டால் அவர்கள் மறைந்துபோவார்கள் என்பது அவர்கள் வாதம். நியாயமான வாதம்தான். ஆனால் எதிர்ப்பக்கமும் இருக்கிறது: ஆவணத்தில் பெயரே இல்லாமல் அழிக்கப்பட்டவர்கள் எந்த ஆவணத்தைக் காட்டி நினைவிடம் கேட்பது? ராவென்ஸ்ப்ரூக் பெண்கள் முகாமில் லெஸ்பியன் கைதிகளுக்காக ஒரு நினைவுக்கோளம் வைக்க எத்தனை வருடம் இழுபறி தெரியுமா? 2022ல்தான் முறைப்படி வைத்தார்கள்.

கரித்துண்டு, உங்கள் கேள்வி இங்கே இன்னும் கூர்மையாகிறது. இளஞ்சிவப்பு விஷயத்தில் "யார் சுமந்தார்" என்றாவது சொல்ல முடிகிறது. கறுப்பில் அதுவும் கலங்கல்.

கரித்துண்டு எழுதியது:

தாழங்குடை சொன்னது என் வாதத்துக்குத்தான் வலு சேர்க்கிறது. கலங்கலாக இருக்கும் ஒன்றை ஏன் உடைமையாக்கவேண்டும்?

ஏட்டுச்சுரைக்கு: 1973ல் அணிந்தவர்கள் மீது எனக்குக் குறையே இல்லை. அவர்கள் அணிந்தபோது அதற்கு விலை இருந்தது. இப்போது காதுத்தோடு. அதைத்தான் கேட்கிறேன்.

ஒற்றைப்பனை எழுதியது:

லட்சக்கணக்கில் கொன்றார்கள், அதை நினைவுபடுத்த ஒரு தோடு போட்டால் என்ன தப்பு?

ஏட்டுச்சுரை எழுதியது:

லட்சக்கணக்கு இல்லை. 1970களில் சில துண்டறிக்கைகள் அப்படி எழுதின, அது இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. இன்று ஆய்வாளர்கள் பொதுவாக ஏற்கும் கணக்கு: சுமார் 1,00,000 பேர் கைது, சுமார் 50,000 பேருக்குத் தண்டனை, முகாம்களுக்கு அனுப்பப்பட்டவர்கள் 5,000 முதல் 15,000 வரை. முகாமில் இறந்தவர்கள் பாதிக்கும் மேல், 60 சதவீதம் வரை இருக்கலாம் என்று ஆய்வாளர் ரூடிகர் லாட்மன் மதிப்பிட்டார். அங்கே மற்ற கைதிகளும் அவர்களை ஒதுக்கினார்கள், மோசமான வேலை அவர்கள் தலையில் விழுந்தது, ஒருவருக்கொருவர் உதவும் வலையும் அவர்களுக்கு இல்லை. எண்ணைப் பெருக்கினால் மறுப்பவனுக்குத்தான் வசதி, இருக்கிற எண்ணே போதுமான அளவு கொடுமை.

மைக்கூடு எழுதியது:

நான் அச்சு வடிவமைப்பு வேலை பார்க்கிறவன், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். "காதுத்தோடு" என்று கரித்துண்டு சொல்கிறாரே, நடுவில் ஒரு முழு அத்தியாயத்தைத் தாண்டிக் குதித்துவிட்டார். 1987, நியூயார்க்.

எய்ட்ஸில் ஆட்கள் இறந்துகொண்டே இருக்கிறார்கள். அதிபர் ரேகன் அதைப் பற்றித் தனியாக ஓர் உரை ஆற்றியது 1987 மே 31ல், அதற்குள் அமெரிக்காவில் இறந்தவர்கள் 20,000ஐத் தாண்டிவிட்டார்கள். அதற்கு முன்பே அந்த ஊர்ச் சுவர்களில் ஒரு சுவரொட்டி வந்துவிட்டது. கறுப்புப் பின்னணி, நடுவில் அடர்ந்த இளஞ்சிவப்பில் ஒரு முக்கோணம், கீழே வெள்ளை எழுத்தில் "மௌனம் = மரணம்" என்று ஆங்கிலத்தில். செய்தவர்கள் ஆறு பேர், அவ்ராம் ஃபிங்கல்ஸ்டைன் அதில் ஒருவர். அதே ஆண்டு மார்ச்சில் தொடங்கிய ஆக்ட் அப் இயக்கம் அதைத் தன் முகமாகவே ஆக்கிக்கொண்டது.

இதில் மூன்று விஷயம் பாருங்கள். முகாமில் முக்கோணத்தின் முனை கீழே பார்க்கும், சுவரொட்டியில் மேலே பார்க்கிறது. முகாம் துணியின் வெளிறிய நிறம் போய் அடித்துச் சொல்கிற மாதிரி ஒரு அடர் நிறம் வந்துவிட்டது. அப்புறம் அந்த ஆறு பேரும் இதைச் சட்டென்று பிடித்துக்கொள்ளவில்லை, பலியானவனின் அடையாளம் ஆயிற்றே, போராடக் கூப்பிடும் படத்துக்கு இது சரிவருமா என்று நிறையத் தயங்கினார்கள், அதாவது உங்கள் கேள்வியைத்தான் அவர்களும் கேட்டுக்கொண்டார்கள், கேட்டுவிட்டுத்தான் பயன்படுத்தினார்கள். ஒரு அரசாங்கம் உங்களைக் கொன்றது, இன்னொரு அரசாங்கம் நீங்கள் சாவதைப் பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. இந்த இரண்டையும் ஒரே கோட்டில் கட்ட வேறு எந்த வடிவத்தால் முடிந்திருக்கும்? வானவிலை அந்தக் கறுப்புச் சுவரொட்டியில் வைத்துப் பாருங்கள், வேலைக்கு ஆகாது.

என் தொழிலில் சுவரொட்டிக்கு ஒரு சோதனை உண்டு: எழுத்தை மறைத்தால் எவ்வளவு மிஞ்சும் என்பது. இதில் எழுத்தை மறைத்தாலும் கோபம் மிஞ்சும்.

அரைமூடி எழுதியது:

ஆனால் அந்த ஒப்பீடே மிகை என்று அப்போதே விமர்சனம் வந்ததே? இனப்படுகொலையும் அலட்சியமும் ஒன்றா?

மைக்கூடு எழுதியது:

வந்தது, இன்னும் வருகிறது. ஒன்று என்று நானும் சொல்லமாட்டேன். ஆனால் சுவரொட்டி சட்டப் புத்தகம் இல்லை. அதன் அடியில் சின்ன எழுத்தில் ரேகன் ஏன் எய்ட்ஸ் பற்றி மௌனமாக இருக்கிறார் என்று கேள்வியாகவே கேட்டிருப்பார்கள், ஓட்டுப் போடுங்கள், புறக்கணியுங்கள், உங்களைத் தற்காத்துக்கொள்ளுங்கள் என்ற தொனியில் முடியும். அழுதுகொண்டு நிற்கச் சொல்லவில்லை.

நுங்குவண்டி எழுதியது:

வானவில் கொடி பற்றி யாரும் சரியாகப் பேசவில்லை, நான் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் அது முக்கோணத்துக்கு மறுப்பாகவே பிறந்தது. கொடியை வடிவமைத்த கில்பர்ட் பேக்கர் அதை வெளிப்படையாகவே சொன்னவர்: முக்கோணம் நாஜிகள் நமக்குக் குத்தியது, நமக்கு நாமே செய்துகொண்ட அழகான ஒன்று வேண்டும் என்று. ஆக கரித்துண்டு, உங்களுக்குக் கட்சி சேர்க்க ஒரு பெரிய ஆள் இருக்கிறார், சந்தோஷப்பட்டுக்கொள்ளுங்கள்.

1978 ஜூன் 25, சான் பிரான்சிஸ்கோ. கையால் சாயம் தோய்த்துத் தைத்த பெரிய கொடிகள், முதலில் எட்டுப் பட்டைகள். அடர் இளஞ்சிவப்பு பாலுறவுக்கு, சிவப்பு உயிருக்கு, ஆரஞ்சு குணமாதலுக்கு, மஞ்சள் சூரிய ஒளிக்கு, பச்சை இயற்கைக்கு, நீலப்பச்சை மாயத்துக்கு, கருநீலம் அமைதிக்கு, ஊதா ஆன்மாவுக்கு. முதல் பட்டையே பாலுறவுக்கு என்று தைரியமாக வைத்தார்கள். அது போனதற்குக் காரணம் கூச்சம் கூட இல்லை, அந்த நிறத் துணி கடையில் மொத்தமாகக் கிடைக்கவில்லை! அந்த நவம்பரில் அந்த ஊரின் தன்பாலீர்ப்பு அரசியல்வாதி ஹார்வி மில்க் சுட்டுக்கொல்லப்பட்டதும் கொடிக்குத் தேவை கூடிவிட்டது, கிடைத்த துணியில் தைத்தார்கள். 1979ல் இரட்டைப்படையாக வரட்டும் என்று நீலப்பச்சையையும் எடுத்து ஆறாக்கினார்கள். இன்று உலகம் முழுக்கப் பறப்பது அந்த ஆறுதான்.

பேக்கர் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது, சாயம் தோய்ப்பதில் கைதேர்ந்த லின் செகர்ப்ளோம் என்ற பெண்ணும் தையல் தெரிந்த ஜேம்ஸ் மெக்நமாராவும் சேர்ந்துதான் செய்தார்கள். செகர்ப்ளோம் பெயரைப் பல கட்டுரைகளில் இன்னும் தேடவேண்டியிருக்கிறது. இதுவும் ஒரு மீட்பு வேலைதான், யாராவது செய்தால் நல்லது.

தாழங்குடை எழுதியது:

நுங்குவண்டிக்கு நன்றி, பெண் பெயர் விடுபடுவது இந்த வரலாற்றில் வாடிக்கை.

"வசைச்சொல்லைத் திருப்பி எடுத்தால் புரிகிறது" என்று கரித்துண்டு முதலில் சொன்னாரே, அதற்கு எனக்கு மிகவும் பிடித்த கதை இது. 1969ல் அமெரிக்கப் பெண்ணிய இயக்கத்தின் பெரிய தலைவர் பெட்டி ஃப்ரீடன், லெஸ்பியன்கள் இயக்கத்துக்கு ஆபத்து என்ற பொருளில் "லாவெண்டர் அபாயம்" என்றார். அந்த இளம் ஊதா நிறத்துக்கு அதற்கு முன்பே ஒரு கறை உண்டு, 1950களில் தன்பாலீர்ப்பாளர்களை அரசு வேலையிலிருந்து துரத்திய வேட்டைக்கும் பின்னால் அதே நிறத்தின் பெயர்தான் வைத்தார்கள். 1970 மே 1 அன்று நியூயார்க்கில் பெண்கள் மாநாடு, திடீரென்று அரங்கத்தில் விளக்கு அணைகிறது. மறுபடி எரியும்போது ரீட்டா மே பிரவுன், கார்லா ஜே உள்ளிட்ட பெண்கள் "லாவெண்டர் அபாயம்" என்று அச்சிட்ட சட்டையோடு நிற்கிறார்கள். திட்டு வாங்கியவர்களே, சுடச்சுட. மேடையைப் பிடித்துப் பேசினார்கள், கூட்டத்தில் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

லாப்ரிஸ் என்ற இரட்டைக் கோடரி இன்னொன்று. பழைய கிரீட் தீவின் சின்னம், கிரேக்கப் புராணத்தின் போர்வீரப் பெண்களான அமேசான்களோடு சேர்த்துப் பேசப்படுவது, 1970களில் லெஸ்பியன் பெண்ணியவாதிகள் கழுத்தில் போட்டுக்கொண்டார்கள். சிக்கல் என்னவென்றால் 1936ல் கிரேக்கத்தில் ஆட்சியைப் பிடித்த சர்வாதிகாரி மெடாக்சாஸும் அதே கோடரியைத் தன் ஆட்சியின் சின்னமாக வைத்திருந்தார். அணிந்த பெண்களில் எத்தனை பேருக்கு அது தெரிந்திருக்கும்? தெரிந்திருந்தாலும் விட்டிருக்கமாட்டார்கள், விட்டிருக்கவும் வேண்டாம் என்பது என் எண்ணம். முப்பது நூற்றாண்டுப் பழைய பொருளை நான்கைந்து வருடம் வைத்திருந்தவனுக்கு எழுதிக் கொடுக்க முடியாது.

மைக்கூடு எழுதியது:

சுடச்சுட என்றதும் ஊதாக் கை நினைவுக்கு வருகிறது. 1969 அக்டோபர் 31, சான் பிரான்சிஸ்கோ எக்ஸாமினர் நாளிதழ் தன்பாலீர்ப்பாளர் மதுக்கூடங்களைக் கேவலமாக எழுதியதற்கு எதிராக அதன் வாசலில் போராட்டம். மேலே இருந்து யாரோ அச்சு மையைக் கூட்டத்தின் மேல் கொட்டினார்கள். கூட்டம் அந்த மையிலேயே கையைத் தோய்த்துக் கட்டடச் சுவர் முழுக்கக் கைத்தடம் பதித்தது. இன்று முக்கோணத்தைத் தெரிந்த பத்து பேரில் ஒருவருக்காவது இது தெரியுமா என்பது சந்தேகம். எல்லாச் சின்னமும் பிழைப்பதில்லை. லாம்ப்டா என்ற கிரேக்க எழுத்தைப் பாருங்கள், 1970ல் நியூயார்க் அமைப்பு ஒன்றுக்காக டாம் டோர் தேர்ந்தெடுத்தார், 1974ல் எடின்பரோ மாநாடு சர்வதேசச் சின்னம் என்றே அறிவித்தது, இன்று அமைப்புகளின் பெயர்களில்தான் மிச்சம் இருக்கிறது. தீர்மானம் போட்டுச் சின்னத்தை வாழவைக்க முடியாது போல.

ஒற்றைப்பனை எழுதியது:

கொடியில் கறுப்பு, பழுப்பு எல்லாம் சேர்க்கிறார்களே, அது பற்றி? வானவில் எல்லாருக்கும் பொது என்னும்போது தனியாக எதற்கு?

நுங்குவண்டி எழுதியது:

2017ல் ஃபிலடெல்ஃபியாவில் கறுப்பு, பழுப்புப் பட்டைகளைச் சேர்த்தபோது இதே கேள்விதான் வந்தது. அந்த ஊர் மதுக்கூடங்களில் கறுப்பின மக்களை ஒதுக்கியதாகப் புகார் எழுந்துகொண்டிருந்த நேரம் அது, சும்மா அழகுக்குச் சேர்க்கவில்லை. 2018ல் டேனியல் குவாசர் அவற்றோடு திருநர் கொடியின் நிறங்களையும் அம்புமுனை வடிவில் சேர்த்தார், 2021ல் வாலண்டினோ வெக்கியெட்டி அதில் இடைப்பாலினருக்கான மஞ்சளும் ஊதா வட்டமும் வைத்தார். பார்க்க நெரிசலாக இருக்கிறது என்று மைக்கூடு மாதிரி ஆட்கள் புலம்புவார்கள், புலம்பட்டும். "மூலக்கொடியைத் தொடாதே" என்பவர்களுக்கு ஒன்று: பேக்கரே 2017ல் இறப்பதற்குக் கொஞ்சம் முன்பு ஒன்பதாவதாக லாவெண்டர் பட்டை சேர்த்து ஒரு கொடி தைத்தார், பன்மைக்காக. அந்த வடிவத்துக்குக் கடைசி வரை வணிக உரிமையும் கோரவில்லை. அதனால்தான் இன்று யார் வேண்டுமானாலும் அச்சடித்து விற்கிறார்கள், அது நல்லதா கெட்டதா என்று வேறு இழையில் அடித்துக்கொள்வோம்.

கரித்துண்டு எழுதியது:

இதுவரை படித்ததில் ஒரு கேள்வி பாக்கி. சுமந்தவர்களில் யாராவது பிற்காலத்தில் இந்த மீட்பைப் பற்றி நேரடியாக எதிர்வினை செய்தார்களா?

ஏட்டுச்சுரை எழுதியது:

ருடால்ஃப் பிராஸ்டா. புகென்வால்ட் வதைமுகாமில் அந்த முக்கோணத்தோடு இருந்தவர், போருக்குப் பின் பிரான்சில் குடியேறிச் சத்தமில்லாமல் வாழ்ந்தார். 2008ல் பெர்லினில் தன்பாலீர்ப்பாளர்களுக்கான நினைவிடம் திறக்கப்பட்ட செய்தியைப் பார்த்துத்தான் தான் ஒருவன் உயிரோடு இருப்பதைச் சொன்னார். அப்போது வயது 90ஐத் தாண்டிவிட்டது. அதற்குப் பிறகு பேரணிகளுக்குப் போனார், நினைவிடங்களுக்குப் போனார், பேட்டி கொடுத்தார், 2011ல் 98 வயதில் இறந்தார். எல்லாருக்காகவும் அவர் ஒருவர் பேசிவிட்டார் என்று சொல்லமாட்டேன். ஆனால் தெருவில் அணிந்தவர்கள் அந்த முப்பத்தைந்து வருடமும் சத்தம் போட்டிருக்காவிட்டால் அந்த நினைவிடமே வந்திருக்காது.

சட்டப் பக்கமும் அப்படித்தான் நகர்ந்தது: 175 முழுதாக ஒழிந்தது 1994ல், நாஜி காலத் தண்டனைகளை ரத்து செய்தது 2002ல், போருக்குப் பிந்தைய தண்டனைகளை ரத்து செய்தது 2017ல். இழப்பீடு ஒரு தண்டனைக்கு 3,000 யூரோ, சிறையில் கழித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 1,500 யூரோ. வாங்க உயிரோடு இருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

வெள்ளிமீன் எழுதியது:

புதிதாக வருகிறேன், இழை முழுக்கப் படித்தேன். நினைவுநாள் கூட்டத்துக்கு ஒரு பதாகை செய்கிறோம். முக்கோணத்தின் முனை மேலேயா கீழேயா?

மைக்கூடு எழுதியது:

நினைவுநாள் என்றால் கீழே, வெளிறிய நிறத்தில். மேலே பார்க்கும் அடர் நிறம் ஆக்ட் அப்புடையது, அதை எய்ட்ஸ் சம்பந்தமான கூட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கலந்துவிட்டால் தெரிந்தவர் ஒருவராவது வந்து கேட்பார். ஆம்ஸ்டர்டாமில் கரின் டான் வடிவமைத்து 1987ல் திறந்த ஹோமோமானுமெண்ட் படங்களையும் பாருங்கள், இளஞ்சிவப்புக் கருங்கல்லில் மூன்று முக்கோணங்கள் கிடைமட்டமாகக் கிடக்கும். ஒன்று போர் நினைவுச்சின்னத்தின் பக்கம், ஒன்று ஆன் ஃபிராங்க் வீட்டின் பக்கம், ஒன்று அப்போதைய தன்பாலீர்ப்பாளர் அமைப்பின் அலுவலகம் இருந்த பக்கம் என்று முனைகள் காட்டும். மேலும் கீழும் என்ற கேள்வியையே அவர் எடுத்துவிட்டார்.

கரித்துண்டு எழுதியது:

வெள்ளிமீன், பதாகையில் ஓரமாக 175 என்ற எண்ணையும் போடுங்கள், கேட்பவர்களுக்குச் சொல்ல வசதியாக இருக்கும். பதாகை, சுவரொட்டி, நினைவிடம் எல்லாம் சரி. காதுத்தோட்டுக்கு இன்னும் நான் சம்மதிக்கவில்லை.

தாழங்குடை எழுதியது:

போடுகிறவர் உங்களிடம் சம்மதம் கேட்டாரா என்ன.